இருபத்திரண்டாம் வாசலில் ஒரு சனிக்கிழமை

கடந்த பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியின் மேல்மாடியில் நான் நீலத்தை நிராகரித்துச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு ஜாக்கெட்டுகளும் ஒரே விலை, ஒரே கனம், ஒரே தையல். முடிவுக்கு வர நாற்பத்தைந்து நிமிடங்கள் எடுத்தன. நீலம் அடக்கமானது. அலுவலகத்துக்கும் போடலாம், செத்த வீட்டுக்கும் போடலாம். சிவப்போ மலையில் வழி தவறினால் மீட்புக்குழுவின் கண்ணில் படும். நான் மலைக்குப் போகிறவனும் அல்ல, அங்கே வழி தவறுகிறவனும் அல்ல. ஆனாலும் ஒரு மனிதன் வாழ்வில் ஒருமுறையாவது மீட்கப்படுவதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று தோன்றியது. 1,499 குரோனர் கட்டினேன். இந்த முடிவின் விளைவுகளை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பயணத்துக்குக் காரணம் என் அக்கா ஸ்டெல்லா. அவள் ஒஸ்லோவுக்குக் கிழக்கே லோறென்ஸ்கூக்கில் இருக்கிறாள். அவளுடைய மகள் ஷரோனுக்குப் பதினேழு வயது. தாய் மன்னார், தகப்பன் புங்குடுதீவு. இரண்டு பக்கமும் பார்த்த மிகப் பெரிய சரிவு படகுத்துறைப் படிக்கட்டு. பிள்ளையோ எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போன இடத்தில் கால்களில் ஸ்கியைக் கட்டிக்கொண்டு இறங்கியது. அன்று முதல் கழற்றச் சொல்லியும் கேட்கவில்லை. இப்போது அவள் பெண்களுக்கான மலைச்சரிவுப் பந்தயங்களில் ஓடுகிறாள்.

போன வருடம் ஜனவரியில் உறைந்த சரிவொன்றில் விழுந்து அவளுடைய வலது முழங்கால் சவ்வு கிழிந்தது. சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், பிறகு பதினொரு மாதப் பயிற்சி. வைத்தியர் அனுமதி கொடுத்தார். பயிற்றுநர் அனுமதி கொடுத்தார். அக்கா நிபந்தனையுடன் கொடுத்தாள். ஒரு பந்தயம் ஓடலாம். அதில் விழுந்தால் ஸ்கி விற்கப்படும். விழாவிட்டால் மிச்சப் பந்தயங்களுக்கும் அடுத்த பருவத்துக்குமான பத்திரத்தில் அக்கா கையெழுத்து வைப்பாள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பத்திரம் நாலாக மடிக்கப்பட்டு அக்காவின் கைப்பைக்குள் இருந்தது. ஏன் இரண்டு பெற்றோரில் அத்தானிடம் வாங்கக் கூடாது என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது.

அத்தான் பஸ் ஓட்டுகிறார். பந்தயத்தில் நின்று பார்த்து அக்காவுக்குச் சொல்வது வழக்கமாக அவர்தான். அந்தச் சனிக்கிழமை அவருக்கு மாற்ற முடியாத வேலை. திங்கட்கிழமையே அக்காவின் அழைப்பு வந்தது.

“தம்பி, சனி நீ மலைக்கு வாறாய்.”

“நான் என்னத்துக்கு?”

“நான் கியோஸ்க்கிலை நிப்பன். எனக்குப் பாக்க ஏலாது. நீ நிண்டு பாத்து எனக்குச் சொல்லு.”

“என்னத்தைச் சொல்லுறது?”

“விழுந்தவளோ இல்லையோ எண்டு.”

“வெண்டா?”

“அதை அவையள் ஒலிபெருக்கியிலை சொல்லுவினம்.”

கியோஸ்க் என்ற சிற்றுண்டிக் குடில் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டில் பிள்ளை ஒரு விளையாட்டில் சேர்ந்தால் பெற்றோர் ஒரு வேலையில் சேர்கிறார்கள். சம்பளம் இல்லை, விலகவும் முடியாது. இதன் பெயர் டூக்னாட். சரிவைச் செப்பனிடுவது, வலை கட்டுவது, நேரம் குறிப்பது, வாஃபிள் சுடுவது எல்லாம் பெற்றோர்தான். அக்கா ஆறு வருடங்களாக வாஃபிள். கியோஸ்க்கின் சன்னல் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தது என்பதால் அவளே கேட்டு வாங்கிய வேலை அது. ஆறு வருடத்தில் மகள் ஓடியதை அவள் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான் வசிக்கும் பியோர்ண்டாலிலிருந்து பஸ், பிறகு இரண்டு ரயில் மாறி, ஒரு மணி பத்து நிமிடத்தில் அக்கா வீட்டை அடைந்தேன். சனி காலை ஐந்து மணி பத்துக்குக் கார் புறப்பட்டது. லில்லஹம்மர் நகரைத் தாண்டி இன்னும் கால் மணி நேரம் போக வேண்டும். மொத்தம் 180 கிலோமீட்டர். கோடையில் இரண்டு மணி நேரத்தில் போகலாம். அக்கா ஓட்டினால், நடுவில் காருக்கு மின்சாரம் ஏற்றும் இருபது நிமிடத்தையும் சேர்த்து, இரண்டே முக்கால். ஈ-6 நெடுஞ்சாலையில் 110 போகலாம் என்று பலகை சொன்ன இடத்தில் அவள் 85 இல் போனாள். பாரவூர்திகள் எங்களை முந்திச் சென்றன. அவற்றில் ஒன்றின் பின்னால் கட்டியிருந்த படகும் எங்களை முந்திச் சென்றது.

ஷரோன் பின் இருக்கையில் இடியப்பம் சாப்பிட்டாள், சம்பல் இல்லாமல். பந்தய நாளில் உறைப்பு இல்லையாம். முழங்காலைத் தவிர வேறு எல்லாவற்றையும் பற்றிக் கதைத்தாள்.

“மாமா, நீங்கள் ஸ்கி ரேஸ் பாத்திருக்கிறியளோ?”

“ரீவியிலை. சத்தத்தைக் குறைச்சுப்போட்டு.”

“அப்ப உங்களுக்கு ஒண்டும் தெரியாது. அதிலை சத்தம்தான் முக்கியம்.”

“என்ன சத்தம்?”

“ஐஸ் நல்லாப் பிடிச்சா ஒரு சத்தம். பிடிக்காட்டி சத்தமே வராது.”

அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். “உந்தக் கதையை விடு. நித்திரை கொள்ளு.”

“ஸ்லாப் ஆவ், அம்மா.” நிம்மதியாக இரு என்று பொருள். இதைக் கேட்டு நிம்மதியான தாயை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஏழு மணி ஐம்பத்தைந்துக்கு மலையடிவாரம். வாகனம் நிறுத்த நாள் முழுவதற்கும் 120 குரோனர், கைபேசியிலேயே கட்டலாம். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று. பார்வையாளர் கட்டணம் இல்லை. பார்வையாளரும் இல்லை. அங்கே நின்ற ஒவ்வொருவரும் யாரோ ஒரு பிள்ளையின் பெற்றோர், கையில் ஏதாவது ஒரு கருவியோடு நின்றார்கள்.

முதன்முறை போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பனியில் விழுந்தால் பஞ்சில் விழுந்தது போல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பந்தயச் சரிவில் பனி இல்லை. இரண்டு நாளுக்கு முன்பே குழாயால் தண்ணீர் அடித்து உறைய விட்டிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சாம்பல் நீலம். குனிந்தால் உங்கள் முகம் மங்கலாகத் தெரியும். இதற்குக் காரணம் சமத்துவம். மெல்லிய பனியாக இருந்தால் முதலில் போகிறவர்கள் அதை உழுது பள்ளமாக்கி, பின்னால் வருகிறவர்களின் வாய்ப்பைக் கெடுத்துவிடுவார்கள். ஐஸ் உழப்படாது. முதலாவது பெண்ணுக்கும் அறுபதாவது பெண்ணுக்கும் அது ஒரே அளவு ஆபத்து. இந்த நாட்டின் பொதுக்கொள்கையை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

ஒன்பது மணிக்கு நான் கியோஸ்க் முன் கோப்பியோடு நின்றபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கையில் பலகையும் காதில் ஒரு பென்சிலுமாக வந்தார். பெயர் ரன்டி. வாசல் நடுவர்களுக்குத் தலைமை. இரண்டு நடுவர்கள் வயிற்றோட்டத்தால் வரவில்லையாம்.

“உனக்குக் கண் தெரியுமா?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

“கண்ணாடி போட்டால் தெரியும்.”

“எழுதத் தெரியுமா?”

“நகராட்சியின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன்.”

“நல்லது. நீ நடுவர்.”

ஏழு நிமிடம் பயிற்சி. சரிவு முழுவதும் சோடி சோடியாகக் கம்பங்கள் நட்டு, அவற்றில் துணி கட்டியிருக்கிறார்கள். அதுதான் வாசல். ஒன்று சிவப்பு, அடுத்தது நீலம், மறுபடி சிவப்பு. அன்று மொத்தம் நாற்பத்தொன்று. ஓடுகிற பெண் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு ஸ்கி நுனிகளையும் இரண்டு பூட்சுகளையும் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். ஒன்று தவறினால் போட்டியிலிருந்து நீக்கம். தவறவிட்டவளின் இலக்கம், எந்த வாசல், தடம் போன வழியின் படம், இவ்வளவும் தாளில் எழுத வேண்டும். பேனா உறைந்துவிடும், பென்சில்தான்.

“என் அக்காவின் மகள் முப்பத்துநான்காம் இலக்கம்” என்று சொன்னேன். நேர்மையாக இருக்க விரும்பினேன், தப்பிக்கவும் விரும்பினேன்.

“இங்கே எல்லோரும் யாரோ ஒருத்திக்கு மாமாதான். கண்டதை எழுது. காணாததை எழுதாதே.”

அப்போதுதான் அவர் என்னை முழுதாகப் பார்த்தார்.

“சிவப்பு கூடாது.”

“ஏன்?”

“மணிக்கு எழுபது கிலோமீட்டரில் வருகிற பிள்ளை உன்னையும் வாசல் என்று நினைத்துவிட்டால்?”

“நான் நீலம்தான் வாங்க இருந்தேன்.”

“நீலமும் கூடாது.”

நாற்பத்தைந்து நிமிடங்கள். இரண்டு தவறான நிறங்களுக்கு நடுவே. நடுவர்கள் ஜாக்கெட்டுக்கு மேலே அணியக் கொடுக்கும் உடுப்பும் தீர்ந்துவிட்டிருந்தது. கியோஸ்க்கின் பின்பக்கம் போய் அக்காவிடம் ஜாக்கெட்டை மாற்றினேன். அவளுடையது கடுகு மஞ்சள், கழுத்தைச் சுற்றிப் பூனைவால் போல் மயிர். கைகள் என் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்தன.

அக்கா சிவப்பைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள். “நல்ல சூடடா இது.”

“எனக்குத் திருப்பி வேணும்.”

“பின்னேரம் தாறன். போ, போய் வடிவாப் பார். எங்கை நிக்கிறாய்?”

“இருபத்தொண்டு, இருபத்திரண்டு, இருபத்துமூண்டு.”

“அது எப்பிடியான இடம்?”

பக்கத்தில் நின்ற ஷரோன் தலைக்கவசத்தைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்: “சும்மா இடம், அம்மா.” பிறகு எனக்கு மட்டும் கேட்க: “மாமா, அதுதான் செங்குத்து.”

பனி ஸ்கூட்டரில் நாலு நிமிடத்தில் மேலே ஏற்றினார்கள். ஓட்டிய தகப்பன் ஒரு கையால் ஓட்டி மறு கையால் வாழைப்பழம் சாப்பிட்டார். பூட்சின் அடியில் கட்ட முள் கொடுத்தார்கள். முள் இல்லாமல் அங்கே நிற்க முடியாது. நான் நின்ற இடத்தில் சரிவு சட்டென்று மடிந்து கீழே விழுந்தது. மேலிருந்து வருகிறவர்களுக்கு இருபத்திரண்டாம் வாசல் கடைசி நொடிவரை தெரியாது. காட்டின் நிழல் வேறு விழுந்து, ஐஸ் கருத்திருந்தது.

பத்து மணிக்கு முதலாவது பெண் வந்தாள். ஷரோன் சொன்னது சரி. சத்தம்தான் முதலில் வந்தது. தகரக் கூரையை யாரோ இரும்பால் கீறிக்கொண்டு ஓடுவது போல. பிறகு ஓர் உடல், ஏறக்குறைய படுத்த நிலையில், கை ஐஸைத் தொட, கம்பத்தைத் தோளால் அடித்துக்கொண்டு போனது. அடித்த கம்பம் வளைந்து நிமிர்ந்து நடுங்குவதற்குள் அவள் இரண்டு வாசல் கீழே. தொலைக்காட்சியில் இவர்கள் மிதப்பதாகத் தெரியும். நேரில் பார்த்தால் ஒவ்வொரு திருப்பமும் ஒரு சண்டை. காலடியில் அதிர்வதை நின்ற இடத்திலிருந்தே உணர்ந்தேன்.

பத்து மணி முப்பத்தாறுக்கு முப்பத்துநான்கு வந்தாள். முதல் தடவை அது அக்காவின் பிள்ளை என்று நினைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. கீறல் சத்தம், தோள், கம்பம், மறைவு. இரண்டு நுனிகளும் இரண்டு பூட்சுகளும் கோட்டைத் தாண்டின. ஒலிபெருக்கி பத்தொன்பதாம் இடம் என்றது. நான் மூச்சு விட்டேன், மஞ்சள் ஜாக்கெட்டின் மயிரில் வெண்பனி படிந்தது. உடனே கைபேசி அடித்தது.

“என்னடா?”

“விழேல்லை.”

“வடிவாப் பாத்தனியோ?”

“பாத்தன்.”

“காலைப் பாத்தனியோ? நொண்டிறாளோ?”

“அக்கா, அவள் போன வேகத்துக்கு நொண்டினாலும் தெரியாது.”

“நீ ஒரு பிரயோசனமும் இல்லை” என்று சொல்லி வைத்துவிட்டாள். குரலில் நன்றி இருந்தது.

இந்தப் பந்தயத்தில் இரண்டு ஓட்டங்கள். இரண்டு நேரங்களையும் கூட்டுவார்கள். இரண்டாவது ஓட்டத்தில் முதல் முப்பது பேரும் தலைகீழ் வரிசையில் இறங்குவார்கள். கடைசிவரை பத்தொன்பதாம் இடத்திலேயே நின்ற ஷரோன் பன்னிரண்டாவதாக வருவாள். இடையில் கம்பங்களைப் பிடுங்கி வேறு வழியில் நட்டார்கள். இந்தத் தடவை வாசல் நாற்பதுதான், ஆனால் என்னுடைய மூன்றும் அதே மடிப்பில் இன்னும் நெருக்கமாக வந்தன. ரன்டி ஸ்கூட்டரில் வந்து, வாஃபிள் ஒன்று தந்தார். அக்கா சுட்டது, ஏலக்காய் கூட. அவள் வாஃபிள் சுடும் முறை மலையில் பிரபலமாம். மணிக்கூடு பார்ப்பதில்லை. மாவை ஊற்றி மூடியை மூடிவிட்டுச் செபமாலையில் பத்து மணி சொல்லுவாள். சொல்லி முடியத் திறந்தால் சரியான பொன்னிறம். ஆறு வருடத்தில் ஒன்றும் கருகியதில்லை என்று ரன்டி சொன்னார். நாளுக்கு எத்தனை வாஃபிள் என்று கணக்கிட்டால் மன்றாட்டில் ஷரோனின் ஸ்கிக் கழகத்தை மிஞ்ச வேறு கழகம் இருக்காது.

பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டாவது ஓட்டம் தொடங்கியது. மூன்றாவதாக வந்த பெண் என் இருபத்திரண்டில் சறுக்கி, சத்தமே இல்லாமல் வலைக்குள் போனாள். எழுந்து கையை ஆட்டினாள். ஏழாவதாக வந்தவளின் ஒரு ஸ்கி நுனி இருபத்துமூன்றில் கம்பத்தின் உள்பக்கமாகப் போனது. அது நாலு விரல் அகலப் பிழை. அவளுக்கே தெரிந்திருக்காது. இலக்கத்தை எழுதிப் படமும் கீறினேன். கீழே அவளுடைய நேரத்துக்குக் கைதட்டினார்கள். என் பென்சிலில்தான் அவளுடைய சனிக்கிழமை முடிந்திருந்தது, ஆனால் அதை அறிய அவளுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தாளில் எழுதியது என்ன செய்யும் என்று ஆவணப் பிரிவில் இருபது வருடத்தில் நான் இவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை.

அப்போதுதான் சிவப்பைக் கண்டேன். எனக்கு அறுபது மீட்டர் கீழே, பார்வையாளர் வலைக்குப் பின்னால், காட்டோரம். முள் கட்டாத சப்பாத்தோடு, இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு அடி ஏறினால் ஓர் அடி வழுக்கியது. முழங்காலில் விழுந்தார். எழுந்தார். நாற்பத்தைந்து நிமிடம் பார்த்து வாங்கிய ஜாக்கெட்டை எந்தத் தூரத்திலும் அடையாளம் தெரியும். மீட்புக்குழு பற்றி நான் போட்ட கணக்கு சரிதான்.

மேலே பன்னிரண்டாவது பெண் புறப்பட்டதாக ஒலிபெருக்கி சொன்னது.

கீறல் சத்தம் நெருங்கியது. இருபத்தொன்று, சுத்தம். மடிப்பில் திரும்பியபோது சத்தம் நின்றது.

வெளிப்பக்கக் கால் பிடியை விட்டுவிட்டது. ஷரோன் இடது இடுப்பில் ஐஸில் விழுந்தாள், இல்லை, விழுந்துகொண்டிருந்தாள். ஒரு ஸ்கி காற்றில். கை பின்னால். இரண்டு ஆள் நீளம் அப்படியே வழுக்கினாள், வலது முழங்கால் மடிந்து உடம்புக்கு அடியில் இருந்தது. நான் வாசலைப் பார்க்க வேண்டியவன், முழங்காலைப் பார்த்தேன். பிறகு மறுபடி சத்தம் வந்தது. விளிம்பு எங்கோ ஓரிடத்தில் ஐஸைக் கடித்துப் பிடித்தது. அவள் அந்தப் பிடியிலேயே எழுந்து, கோட்டைத் தாண்டி, இருபத்துமூன்றில் கம்பத்தைத் தோளால் அடித்துக்கொண்டு போனாள். எல்லாம் சேர்த்து ஒன்றரை நொடி இருக்கும்.

தடத்தைப் போய்ப் பார்த்தேன். அது நடுவரின் கடமை. ஐஸில் இடுப்பு உரசிய நீளமான வெள்ளைக் கோடு. அதன் இரு பக்கமும் ஸ்கியின் கீறல்கள். இரண்டும் வாசல் கோட்டைத் தாண்டியிருந்தன, ஒரு சாண் இடைவெளி மிச்சத்தோடு. மண்டியிட்டு இரண்டாவது தடவையும் பார்த்தேன். தாண்டியேயிருந்தன. தாளில் எழுத ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது கீழே சிவப்பு அசையாமல் நின்றது, இரண்டு கையும் தலையில். முடிவுக்கோட்டில் முப்பத்துநான்கின் நேரத்தை ஒலிபெருக்கி சொன்னதும் அது உட்கார்ந்தது. உட்கார்ந்தபடியே காட்டோரமாக வழுக்கிக் கீழே போய் மறைந்தது.

ஒன்றரை மணிக்கு ரன்டியிடம் தாளைக் கொடுத்தேன். எனக்கு மேல் வாசலில் நின்ற நடுவர் அவரிடம் ஏற்கெனவே ஏதோ சொல்லியிருந்தார்.

“முப்பத்துநான்கு. இருபத்திரண்டில் என்ன?”

“இடுப்பு பட்டது. நிற்கவில்லை. இரண்டு நுனியும் இரண்டு பூட்சும் தாண்டின.”

“இடுப்புக்குத் தாளில் கட்டம் இல்லை” என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

கியோஸ்க்குக்குப் போனபோது வாஃபிள் இரும்பின் மூடி திறந்திருந்தது. உள்ளே ஒரு வாஃபிள் கரியாகிக் கிடந்தது. அக்கா கன்னம் சிவந்து, மூச்சு வாங்க, மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். என் ஜாக்கெட்டின் இரண்டு முழங்கையிலும் பனி அப்பியிருந்தது. பின்பக்கத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

“சொல்லு” என்றாள். “விழுந்தவளோ?”

நான் கையுறையைக் கழற்றினேன். அவள் காத்திருக்கவில்லை.

“பேப்பரிலை என்ன எழுதினனீ?”

“ஒண்டும் எழுதேல்லை.”

“ஏன்?”

“எல்லா வாசலும் சரியாப் போனவள். ரெண்டு ஸ்கி நுனி, ரெண்டு பூட்ஸ்.”

“வடிவாப் பாத்தனியோ?”

“முழங்காலிலை நிண்டு ரெண்டு தரம் பாத்தன்.”

“அந்த மனுசி கையெழுத்து வைச்சவவோ?”

“வைச்சவ.”

அக்கா இரும்பில் மாவை ஊற்றினாள். “அப்ப விழேல்லை” என்றாள். மூடியை மூடினாள். உதடு அசையத் தொடங்கியது.

செபமாலையின் நாலாவது மணியிலோ ஐந்தாவது மணியிலோ ஷரோன் வந்தாள். பதினான்காம் இடம். ஆனால் முகத்தில் பதினான்கு தெரியவில்லை. பந்தய உடையின் இடது பக்கம், இடுப்பிலிருந்து முழங்கால்வரை, சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளை. மூவரும் அதைப் பார்த்தோம்.

“அம்மா, நான் இருபத்திரண்டிலை…”

“எனக்கு உந்த இலக்கமெல்லாம் தெரியாது” என்றாள் அக்கா. “உதைத் தட்டிப்போட்டு வா. வாஃபிள் ஆறுது.”

ஷரோன் என்னைப் பார்த்தாள். நான் மஞ்சள் ஜாக்கெட்டின் மயிரைச் சரிசெய்தேன். அவள் வெளியே போய் இடுப்பைத் தட்டினாள். தேவைக்கு மேல் நிறைய நேரம் தட்டினாள். உள்ளே வந்தபோது கண் ஈரமாக இருந்தது. குளிருக்கு அப்படித்தான்.

திரும்பும் வழியில், ம்யோசா ஏரியைப் பார்த்தபடி இருந்த இடமொன்றில் மின்சாரம் ஏற்ற நிறுத்தினோம். நேரம் நாலு மணி ஐந்து. அக்கா கைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து, ஸ்டியரிங்கின் மேல் விரித்து, என்னிடம் கையை நீட்டினாள். காதில் இருந்த பென்சிலைக் கொடுத்தேன். ரன்டியிடம் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன்.

“அம்மா, பென்சில் செல்லாது” என்றாள் பின்னாலிருந்து ஷரோன்.

“அப்ப பேனை தா.”

“பேனை இல்லை.”

“ஸ்கிக்கு இவ்வளவு காசு குடுத்தம், ஒரு பேனை இல்லை.” கடைக்குள் போய் 39 குரோனருக்கு ஒரு பேனா வாங்கி வந்து கையெழுத்து வைத்தாள். பிறகு லோறென்ஸ்கூக் வரை 85 இல் ஓட்டினாள். பாரவூர்திகள் முந்தின. பின்னால் பிள்ளை வாயைத் திறந்தபடி நித்திரை. அந்த நெடுஞ்சாலையில் நான் இதுவரை செய்த பயணங்களில் அவ்வளவு லேசாக உட்கார்ந்திருந்தது இல்லை.

இப்படியொரு பயணம் திட்டமிடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரயிலிலும் போகலாம். ஒஸ்லோவிலிருந்து லில்லஹம்மருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, அங்கிருந்து பஸ். ஆனால் பஸ் நேரம் பந்தய நேரத்தை அறியாது. காலுக்குக் கம்பளிச் சாக்ஸ் இரண்டு, சப்பாத்துக்கு முள் ஒரு சோடி. முள் ஒரு கடையிலும் இருநூறு குரோனருக்கு மேல் இல்லை, அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கழிப்பறை அடிவாரத்தில் மட்டும்தான், மேலே ஏறுமுன் யோசியுங்கள். பிரவுண் சீஸ் என்ற இனிப்புப் பாற்கட்டியை வாஃபிளுக்குள் வைத்துச் சாப்பிடுங்கள், தனியே சாப்பிட்டுவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள். யாராவது கையில் பலகையோடு வந்து கண் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்று சொல்லுங்கள். அந்தச் சரிவில் அதைவிட நல்ல இடம் கிடையாது. வேலை எளிது. கண்டதை எழுத வேண்டும். எழுதத் தேவையில்லாததைக் கண்டால் அதை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். உங்கள் உடுப்பு சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கக் கூடாது.

அடுத்த பந்தயம் வரும் சனிக்கிழமை, ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில். சிவப்பு ஜாக்கெட் இன்னும் அக்காவிடம் இருக்கிறது. கியோஸ்க் பட்டியலில் அன்றைக்கு அக்காவின் இடத்தில் வேறொருவரின் பெயர் போட்டிருக்கிறார்கள்.